கொடிக்கயிறும் குகைக்கயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினம் என்றால் காலையில் கொடி, சாயங்காலம் படம் என்று பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பள்ளியிலோ குடியிருப்பு வாசலிலோ கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறோம். பொழுது சாய்ந்ததும் டிவி முன்னாலோ, மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டியோ படம் பார்க்கிறோம். போர்ப் படங்கள் சலித்துப்போனவர்கள் இப்போது உயிர்பிழைக்கும் கதைகளுக்கு மாறியிருக்கிறார்கள். அதில் நம் மாவட்டத்துக்கே சொந்தமான கதை ஒன்று உண்டு. கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் நடந்ததை வைத்து 2024-ல் வெளிவந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தைத்தான் சொல்கிறோம். குழிக்குள் விழுந்தவரை அவருடைய நண்பரே கயிற்றில் இறங்கி மேலே கொண்டுவந்தார். காப்பாற்றிய அந்த நண்பருக்குப் பின்னாளில், உயிர்காப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜீவன் ரக்ஷா பதக்கமும் கிடைத்தது.

காலைக் கொடிக்கும் சாயங்காலப் படத்துக்கும் பொதுவான பொருள் கயிறு. காலையில் கொடி பாதியில் சிக்கிக்கொள்கிறது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாது. அதே கூட்டம்தான் சாயங்காலம் கயிற்றில் தொங்கும் ஆளைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காலை வேலை. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுக்கிறார். மடித்துக் கட்டிய கொடிப் பொட்டலம் ஆடுகிறது, அவிழவில்லை. இன்னும் வேகமாக இழுக்கிறார், முடிச்சு இன்னும் இறுகுகிறது. பின்னால் நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர் துரட்டியைத் தேடி ஓடுகிறார். அதற்குள் யாரோ அவசரப்பட்டு ‘ஜன கண மன’வை ஆரம்பித்துவிடுகிறார்கள். 52 வினாடியில் பாட்டு முடிகிறது, கொடி இன்னும் பொட்டலமாகவே தொங்குகிறது. இது துரதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

கம்பம் 20 அடி என்றால் கொடி நாலரை அடிக்கு மூன்றடி, அதாவது 1350-க்கு 900 மில்லிமீட்டர் அளவு பொருத்தமாக இருக்கும். சின்ன வாசலுக்கு மூன்றடிக்கு இரண்டடி போதும். எந்த அளவானாலும் நீளமும் உயரமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் மலிவுக் கொடிகளில் பாதி இந்தக் கணக்கில் தேறாது. வாங்கும்போதே டேப்பை வைத்துப் பார்த்துவிடுங்கள். சக்கரத்துக்கு 24 ஆரம், அதையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். கயிறு 6 மில்லிமீட்டர் கனம், 20 அடிக் கம்பத்துக்கு 45 அடி. கப்பியில் ஏறி இறங்கி, ஒரு முனை கொடியின் மேல் காதிலும் (கயிறு மாட்டும் வளையத்தைத்தான் காது என்கிறோம்) மறு முனை கீழ்க் காதிலும் சேர்ந்து, எல்லாமே ஒரே வளையமாக இருக்க வேண்டும். கீழ்க் காதைக் கட்டாமல் விட்டால் கொடியை அவிழ்க்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. மேல் காதில் உருண்டையாகக் கெட்டி முடிச்சுப் போட்டால் அது கப்பியில் முட்டிக்கொண்டு, கொடி உச்சிக்கு அரையடி கீழேயே நின்றுவிடும். சாரணர்கள் ஷீட் பெண்ட் என்று சொல்லும் முடிச்சு தட்டையாக உட்காரும். காதுக்குள் கயிற்றைக் கீழிருந்து நுழைத்து, காதின் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தன் கயிற்றுக்கு அடியிலேயே செருகினால் முடிந்தது.

கப்பியைக் கம்பம் நடுவதற்கு முன்பே பாருங்கள். வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் கிடந்த கப்பி துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதாது, மெஷின் ஆயில் விடுங்கள். சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால் மெல்லிய கயிறு அதற்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். கொடி பாதியில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கீழே நின்று இழுப்பவருக்கு இது தெரியாது, முடிச்சைத்தான் திட்டுவார்.

இனிப் பொட்டலம். இரண்டு பேர் கொடியை விறைப்பாகப் பிடித்து நீளவாக்கில் பாதியாக மடிக்க வேண்டும், பிறகு இன்னொரு பாதி. பறக்கும் முனையிலிருந்து கம்பத்துப் பக்கமாக விசிறி மடிப்பாக மடித்து வந்தால் கையடக்கமாகிவிடும். காவிப் பக்கத்துக் காது மேலே வர வேண்டும், இதை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். கீழ்க் காதில் கட்டிய கயிற்றையே எடுத்துப் பொட்டலத்தைச் சுற்றி இரண்டு சுற்று விட்டு, மூன்றாவது சுற்றில் கயிற்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை மட்டும் சுற்றுக்கு அடியில் நாலு விரல் நீளம் செருகுங்கள். நம் ஊரில் உருவாஞ்சுருக்கு என்று சொல்வோமே, அதன் தத்துவம்தான். இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பலர் மடிப்பைச் செருகாமல் முனையையே செருகிவிடுகிறார்கள், பிறகு இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும். மடிப்பை ஒரு சாண் நீளத்துக்குச் செருகினாலும் சிக்கும். இரண்டு விரலுக்கும் குறைந்தால் மேலே போகும்போதே அவிழ்ந்துவிடும். நைலான் கயிறு வழுக்கும், அதற்கு இன்னொரு சுற்று கூட்டுங்கள்.

ஏற்றும்போது மேல் காதின் கயிற்றை இழுக்கிறோம். அப்போது கீழ்க் காதின் கயிறு தளர்வாகவே இருக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் ஏற்றிய கயிற்றை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, விருந்தினர் மற்ற கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். விருந்தினருக்கு எந்தக் கயிறு என்பது தெரியாது. அவர் ஏற்றிய கயிற்றையே மறுபடி மறுபடி இழுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அவர் இழுக்க வேண்டிய கயிற்றில் ஒரு பச்சை நூலைக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. குடியரசு தினத்தில் பொட்டலம் முன்கூட்டியே உச்சியில் இருக்கும், அவிழ்த்தால் போதும். சுதந்திர தினத்தில் அடியிலிருந்து ஏற்றுவதுதான் மரபு. பல பள்ளிகளில் இரண்டுக்கும் ஒரே மாதிரி மேலே கட்டிவைத்துவிடுகிறார்கள்.

பூ வைக்கலாமா என்று ஆண்டுதோறும் ஒரு சண்டை வரும். தேசிய நாட்களில் கொடிக்குள் பூவிதழ் வைப்பதற்குக் கொடி விதிமுறையே இடம் தருகிறது. ஒரு கைப்பிடி போதும். ஈர ரோஜா இதழ் துணியில் ஒட்டிக்கொள்ளும், வெள்ளையில் சாயமும் இறங்கும். முந்தின நாளே உதிர்த்துக் காகிதத்தில் பரப்பிய செவ்வந்தி இதழ் நல்லது. 14-ம் தேதி சாயங்காலமே பொட்டலத்தைக் கட்டி வெளியே விட்டுவிடாதீர்கள். இரவுப் பனியில் கதர் நனைந்து கனக்கும், பருத்திக் கயிறு ஊறிப் பருத்து முடிச்சை இறுக்கும். ஒத்திகையை 14-ம் தேதி மூன்று முறை பாருங்கள். உண்மையான பொட்டலத்தைக் காலை ஆறு மணிக்குக் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். இரும்புக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் முன் எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கொடிக்கம்பம் மின்கம்பியில் உரசி ஆள் செத்த செய்தியை நாளிதழ் படிக்கும் எல்லோரும் படித்திருப்போம். கம்பம் நிற்கும் இடத்திலிருந்து மின்கம்பி, கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளியாவது இருக்க வேண்டும். கம்பம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது என்பதுதான் கணக்கு. மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் மூங்கில் கம்பத்தையும் நம்பக் கூடாது.

இனிப் படத்துக்கு வருவோம். உயிர்பிழைக்கும் படத்தைப் பார்த்துக் கண்கலங்குவது தப்பில்லை. ஆனால் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் பாறையில் உரசுகிறது, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கூடவே பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். 70 கிலோ ஆளை நேராகத் தூக்கவே நாலு பேர் வேண்டும். கயிறு பாறை விளிம்பில் மடிந்து உரசினால் அதே ஆளைத் தூக்க இன்னும் பல பேர் வேண்டியிருக்கும், மழையில் கை வழுக்கினால் கேட்கவே வேண்டாம். விளிம்பில் சாக்குப் பையையோ நாலாக மடித்த தார்ப்பாயையோ போட்டால் இழுவையும் குறையும், கயிறும் அறுபடாது. கயிறு இழுத்து அறுவதைவிடத் தேய்ந்து அறுவதுதான் அதிகம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலு தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மாடியில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு புதிதாக இருக்கும்போது முரட்டுத்தனமாகத் தெரியும். இரண்டு வெயில் பார்த்த பிறகு நகத்தால் கீறினால் தூள் உதிரும். அதை நம்பி ஆளை இறக்கக் கூடாது. தீயணைப்பு மீட்புத் துறையினர் பயன்படுத்துவது உள்ளே தனி நார், வெளியே தனி உறை என்று பின்னிய, 11 மில்லிமீட்டர் வாக்கில் கனமுள்ள கயிறு.

அந்த அரை மணி நேரத்தில் சொல்லித்தர ஒரே ஒரு முடிச்சைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போலைன் முடிச்சைத்தான் சொல்வோம். வளையம் விழும், ஆனால் இறுகாது. மாட்டின் கழுத்துக் கயிற்றில் இறுகும் சுருக்கைப் போடக் கூடாது என்பது கிராமத்துப் பிள்ளைக்குத் தெரியும். அதே காரணம்தான் மனுஷனுக்கும். உருவாஞ்சுருக்கை ஆளின் மாரில் மாட்டித் தூக்கினால் அவருடைய எடையே விலா எலும்பை நெருக்கி மூச்சை நிறுத்திவிடும்.

போடும் முறை இது. கயிற்றை ஆளின் அக்குளுக்கடியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். தூக்கப்போகும் நீளக் கயிறு இடது கையில், குட்டை முனை வலது கையில். நீளக் கயிற்றில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குச் சின்னக் கண் ஒன்று போடுங்கள். கண்ணிலிருந்து ஆளின் பக்கம் போகும் கயிறு, தூக்கும் கயிற்றுக்கு மேலாகக் கடக்க வேண்டும். குட்டை முனையைக் கண்ணுக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, தூக்கும் கயிற்றின் முதுகுப் பக்கமாகச் சுற்றி, மறுபடி அதே கண்ணுக்குள் மேலிருந்து கீழே விடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து இறுக்குங்கள். முனை ஒரு சாணாவது மிச்சம் இருக்க வேண்டும், குறைந்தால் ஆட்டத்தில் நழுவும். கண்ணை மாற்றிப் போட்டால் முடிச்சே விழாது, இழுத்ததும் உருவிக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்தால் கண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபது தடவை போட்டால் கண்ணை மூடிக்கொண்டும் வரும். ஆளுக்கு ஆறடி பருத்திக் கயிறு, நாற்பது பிள்ளைகளுக்கு 240 அடி. செலவு மிட்டாய்ச் செலவைவிட அதிகம் போகாது, கயிறு அடுத்த வருஷத்துக்கும் இருக்கும்.

இதைச் சொல்லித்தர ஆளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுபவர் சவுக்குக் கம்பில் கயிற்றைச் சுற்றிச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள், பத்து மாடி உயரத்தில் ஆள் நிற்பதே அந்த முடிச்சின் மேல்தான். லாரியில் பாரம் கட்டுபவர், தளைநார் போட்டுப் பனையேறுபவர், கடலோரம் என்றால் வலை கட்டுபவர், எல்லோரும் கயிற்றில் கைதேர்ந்தவர்கள். இந்த ஆகஸ்ட் 15-க்குச் சிறப்பு விருந்தினராக ஒரு சாரம் கட்டுபவரை அழைத்துப் பாருங்கள். கொடியும் சிக்காது.

அக்குளுக்கடியில் ஒரே வளையம் என்பது வேறு வழியே இல்லாதபோது, சில நிமிஷங்களுக்கு மட்டும். ஆள் அசையாமல் செங்குத்தாகத் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம், அவரைக் கயிற்றில் சுண்டி இழுப்பது அதைவிட மோசம். பேச்சுக் கொடுங்கள், போர்வை, தண்ணீர் இறக்குங்கள், 112-க்கு அழைத்துத் தீயணைப்பு ஆட்கள் வரும்வரை அவரைக் குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் இவ்வளவு நேரம் காத்திருந்தால் தியேட்டர் காலியாகிவிடும் என்பதால் காட்ட மாட்டார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு யாரும் பின்பற்றக் கூடாத காரியமும் இதில் இருக்கிறது. குணா குகைக்குள் இறங்கிய நண்பர் உயிரோடு மேலே வந்தார். பாழடைந்த கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அதை நம்பக் கூடாது. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் அடுத்த நிமிஷம் சரிந்துவிடுவார். ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயு குறைவதைத்தான் காட்டும், இந்த விஷவாயுவைக் காட்டாது; தீப்பிடிக்கும் வாயு இருந்தால் வெடித்தும்விடும். அங்கே நண்பனுக்காகக் குதிப்பது வீரம் இல்லை. மூச்சுக்கருவியோடு வருபவர்கள் வரும்வரை இரண்டாவது ஆளை இழுத்துப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை.

ஏரி, குளம், அணை என்றால் கணக்கு வேறு, அங்கே கரையில் நிற்பவரால் நிறைய முடியும். பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணைக்கட்டில் 2020 ஆகஸ்டில் நாலு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசி இரண்டு பேரைக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு அந்தப் பெண்களுக்குத் துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தைக் குடியரசு தினத்தில் கொடுக்கிறார்கள். மேடையில் விடுதலைப் போராட்டத் தியாகிகளைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று பேரைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். சேலை ஐந்தரை மீட்டர், முறுக்கினால் நல்ல கயிறு. ஒரு நுனியைக் கையில் இறுகப் பிடிக்கலாம், இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. கட்டினால் மூழ்குபவரோடு நீங்களும் போவீர்கள். வீசுபவர் கரையில் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். ஐந்து லிட்டர் காலிக் கேனில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு இறுக மூடி, கைப்பிடியில் கயிற்றைப் போலைன் முடிச்சால் கட்டினால் மிதவை தயார். தண்ணீர் விடாவிட்டால் காற்றில் அடித்துக்கொண்டு போய் அவரிடம் சேராது. ஆளின் மேல் எறியாமல் அவரைத் தாண்டி எறிந்து, கயிறு அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும்.

படம் போடும் காரியத்தில் சில சின்ன விஷயங்கள். தனி ஆளின் ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான், தெருவுக்குப் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆகஸ்டில் ஆறரை மணி வாக்கில் சூரியன் மறையும், ஏழுக்கு முன்னால் புரொஜெக்டர் படம் வெளிறித்தான் தெரியும். கொடியை இறக்கிவிட்டுப் படத்தை ஆரம்பியுங்கள். பொதுமக்கள் இரவிலும் கொடியைப் பறக்கவிடலாம் என்று 2022 ஜூலையில் விதி மாறியது உண்மைதான். ஆனால் கூட்டம் திரைப் பக்கம் திரும்பிய பிறகு கொடியை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏற்றும்போது வேகமாக, இறக்கும்போது மெதுவாக. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி இரண்டு பக்கமும் மடித்து, உள்ளங்கையில் ஏந்தி எடுத்துப் போகவேண்டும். படத்துக்கு நடுவில் தேசிய கீதம் வந்தால் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது, அதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முறைக்க வேண்டாம்.

நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 அன்று முழுப் பக்கத்துக்கு மூவர்ணக் கொடியை அச்சிடுகிறீர்கள். 16-ம் தேதி அந்தப் பக்கத்தில் பஜ்ஜி மடிக்கிறார்கள், எண்ணெய் ஊறிய கொடி தெருவில் கிடக்கிறது. அந்த இடத்தில் போலைன் முடிச்சுக்கு நாலு படம், பொட்டலக் கட்டுக்கு மூன்று படம், 14-ம் தேதியே போடுங்கள். அதில் பஜ்ஜி மடித்தாலும் யாருக்கும் மனக்குறை இருக்காது.

இப்படிக்கு,
சாரணர் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
திண்டுக்கல்.